மணத்துக்குக் கிராம் இல்லை

குருநகர்
18.08.2024

அன்புள்ள வசந்தினிக்கு,

நானும் ஸ்ரெல்லாவும் நல்ல சுகம். கடிதத்தைக் கண்டதும் பிள்ளைக்கு ஏதோ என்று நினைப்பாய், அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். இன்னொரு தரமும் எழுதுகிறேன். பிள்ளை நல்ல சுகம். இனி ஆறுதலாக இருந்து, தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற மனிசன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் நான் இரண்டு சொல் சொல்ல முதல் நீ அழத் தொடங்கிவிடுவாய். நீ அழுதால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். கலியாணம் கட்டின நாளிலிருந்து இதுதானே நடக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க ஏலாது. அங்கே உன்னைப் போல வேலை செய்கிற எமில்ராஜ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை சைப்பிரசுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நேரே விசயத்துக்கு வருகிறேன். உனக்குத் தந்த சத்தியத்தை முறித்துவிட்டேன். எங்கள் வீட்டுக் குசினியில் மீன் சமைத்தோம். ஒரு நாள் மட்டும் இல்லை, இப்போது கிழமையில் மூன்று நாள் சமைக்கிறோம்.

கடிதத்தைக் கசக்காதே. வாசி.

பிள்ளை முதன்முதல் நற்கருணை எடுத்த புதுநன்மை அன்று வெள்ளைச் சட்டை, பூமுடி, மெழுகுதிரி எல்லாம் உனக்குப் போனில் காட்டினேன். பூசையில் அவளுக்குக் கொடுக்கிற அப்பத்தில் எவ்வளவு கோதுமை இருக்கும் என்று நான் கிளினிக்கில் விசாரித்ததையும், டொக்டர் அம்மா சிரித்துவிட்டு அதைக் கணக்கிலேயே எடுக்கத் தேவையில்லை என்று சொன்னதையும் சொன்னேன். குசினிப் பக்கம் காட்டச் சொல்லி நீ கேட்டபோது மட்டும் சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அடுப்பில் பாரை மீன் பொரிந்துகொண்டிருந்தது.

இது தொடங்கியது ஆனி மாதத்தில். விருந்துக்கு என்ன சமையல் என்று லூர்த்தம்மா அக்கா கேட்டா. மரக்கறிதான் என்றேன். என் அக்காவின் வாய் உனக்குத் தெரியும். "டேய் கிறகோரி, நீ சனத்தைப் புதுநன்மைக்குக் கூப்பிடுறியோ, பெரிய வெள்ளி விரதத்துக்குக் கூப்பிடுறியோ" என்று கேட்டா. கடலுக்குப் போகிறவன் வீட்டு விருந்தில் பூசணிக்காயும் கத்தரிக்காயும் வைத்தால் ஊர் சிரிக்குமாம். சிரிக்கட்டும் என்றேன். பிள்ளையின் உயிரை விட ஊர் பெரிதில்லை என்றும் சொன்னேன்.

அப்போது ஸ்ரெல்லா மேசையில் தன் சின்னத் தராசை வைத்துச் சோறு நிறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது நான் நிறுக்கிறதில்லை, எல்லாம் அவள்தான். எழுபது கிராம் என்றால் எழுபது கிராம். ஒரு பருக்கை கூடினாலும் திருப்பிச் சட்டியில் போடுவாள். மீன், முட்டைக்குப் பதிலாகத் தருகிற அந்த நாற்றம் பிடித்த மருந்துமாவைத் தானே கரைத்து, மூக்கைப் பொத்தாமல் குடிப்பாள். அப்படி நிறுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அப்பா, நான்தானே மீன் சாப்பிடக்கூடாது. நீங்கள் சாப்பிடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லேல்லையே" என்றாள்.

எனக்கு மீன் பிடிக்காது என்று பொய் சொன்னேன். நான் கரையில் வலை வைக்கிற வாடியில் ஒவ்வொரு நாளும் மத்தியானம் மீன் குழம்போடு சாப்பிடுவது அவளுக்குத் தெரியுமாம். பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்ட ஒரு நாள் என்னைத் தேடி வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். "நான் இல்லாத இடத்திலைதான் நீங்கள் வயிறாறச் சாப்பிடுறியள்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது, வசந்தி.

அதற்குப் பிறகு அவள் கேட்டதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "அம்மாவும் மீன் சாப்பிடத்தான் வெளிநாட்டுக்குப் போனவவோ" என்று கேட்டாள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அம்மா வேலைக்குப் போனவ, அங்கே ஒரு வயது போன அம்மாவைப் பார்க்கிறவ என்று சொன்னேன். ஓம் என்று தலையாட்டினாள். நம்பினமாதிரித் தெரியவில்லை.

நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவளுக்கு ஐந்து வயதில் நீ பொரித்து மூடி வைத்த நெத்தலியை அவள் ஒரு கிழமையாகக் களவாக எடுத்துத் தின்றாளே, அதுதான். இரத்தச் சோதனையில், முந்நூற்றறுபதுக்குள் இருக்க வேண்டியது தொளாயிரத்து நாற்பது என்று வந்தது. எழுதத் தெரிந்த எழுத்தெல்லாம் மறந்து, காரணமில்லாமல் கத்தி, சுவரில் தலையை மோதினாள். நீ சட்டியைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தாய். யாகப்பர் கோயிலில் வைத்து, இனி இந்த வீட்டுக்குள் மீன் வராது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த நாட்களில் நான் ஒரு சொல் சொன்னேன். "நீ பொரிச்ச மீன்தானே" என்று சொன்னேன். அதற்குப் பிறகு நீ பிள்ளைக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டாய். கடைசியில் உன்னை விட என்னிடம் அவள் பத்திரமாக இருப்பாள் என்று நினைத்துப் போய்விட்டாய்.

வசந்தி, அது உன் பிழை இல்லை. பிறந்த பிள்ளையில் ஒரு புது மணம் வருகிறது, இது சரியில்லை என்று நாலு மாதத்தில் சண்டை பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது நீ. நீ கொண்டுபோகாவிட்டால் இன்றைக்கு அவள் அம்மா, அப்பா என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டாள். அப்படிப்பட்டவளைப் பார்த்து நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள். நாலு வருசமாகத் தொண்டைக்குள் கிடந்தது, இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது.

சரி, விருந்துக்கு வருகிறேன். பிள்ளை அப்படிக் கேட்ட பிறகு அக்காவை மீனே சமைக்கச் சொன்னேன். பாரைப் பொரியல், கணவாய்க் கறி, றால் பிரட்டல் என்று அக்கா சமைத்துத் தள்ளினா. ஸ்ரெல்லாவுக்குச் சவ்வரிசியில் புட்டு மாதிரி ஒன்று அவித்து, மரவள்ளிப் பொரியலும் மாம்பழமும் வைத்தா. எமில்ராஜின் சின்ன மகன் அதைத்தான் கேட்டு அழுதான். நீ ஏன் மீன் சாப்பிடுறேல்லை என்று அவன் இவளைக் கேட்க, இவள் பெரிய டொக்டர் மாதிரி விளங்கப்படுத்தினாள். "மீன், இறைச்சி, முட்டை, பருப்பு எல்லாத்திலையும் புரதம் இருக்கு. உன்ரை உடம்பு அதை உடைச்சு எடுக்கும். என்ரை உடம்புக்கு அதிலை ஒரு துண்டை உடைக்கத் தெரியாது. அது மூளையிலை போய்த் தேங்கும். அதாலை நான் வேறை சாப்பிடுறன், அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று அவள் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

ஆட்கள் போகிற நேரம் நான் வாசலில் நின்று வழியனுப்பிவிட்டுக் குசினிக்கு வந்தேன். பிள்ளை தனியாக நிற்கிறாள். கையில் பொரித்த பாரைத் துண்டு. முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். ஸ்ரெல்லா என்று கூப்பிட்டேன். அவள் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, "மணந்து பாக்கிறன் அப்பா. மணத்துக்குக் கிராம் இல்லைத்தானே" என்றாள். துண்டைத் தட்டில் வைத்தாள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், போய்விட்டாள்.

நான் நம்பினேனோ என்று கேட்டால், இல்லை. தட்டில் இருந்த மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிக் கடித்த அடையாளம் பார்த்தேன். அப்படியும் மனம் ஆறவில்லை. மூன்றாம் நாள் காலமை விரலில் குத்தி, இரத்தத்தை அட்டையில் எடுத்துக் கிளினிக்கில் கொடுத்தேன். வழமையான சோதனைதான் என்று அவளுக்குச் சொன்னேன். மறுமொழி வர மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் அவள் ஒரு கணக்கைப் பிழை விட்டாலும், ஒரு சத்தம் போட்டாலும், பழையபடி தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். கடலில் நின்றும் அதே யோசனைதான். உனக்கு என்ன சொல்லுவேன் என்று நினைத்துக்கொண்டே வலை இழுத்தேன்.

போன மாதக் கடைசியில் மறுமொழி வந்தது. இருநூற்றுத் தொண்ணூறு. முந்நூற்றறுபதுக்குக் கீழே இருந்தால் போதும் என்று டொக்டர் அம்மா சொல்லுவாவே, அதற்கும் கீழே. கிளினிக் வாங்கில் குந்தியிருந்து நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த மனிசி என் வீட்டில் செத்தவீடு என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டா.

வீட்டுக்கு வந்து ஸ்ரெல்லாவிடம் உண்மையைச் சொன்னேன். உன்னில் சந்தேகப்பட்டுத்தான் குத்தினனான் என்றேன். "தெரியும், நீங்கள் குத்தேக்கை உங்கடை கை நடுங்கினது" என்றாள். இனிச் சந்தேகம் வந்தால் நேரே கேட்கச் சொன்னாள். அன்று பின்னேரமே அக்காவிடம் போய் ஒரு மீன் சட்டி வாங்கி வந்தோம். இப்போது அக்காவும் வர, மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அவள் தன் கோப்பையில் தன் சாப்பாடு, நான் என் கோப்பையில் மீன்.

பள்ளிக்கூட ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். வாய்ப்பாடு இன்னும் தடுமாறுகிறது, அது எனக்கும் தடுமாறினதுதான்.

தை மாதத்தோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கப் போவதாகப் போன கிழமை சொன்னாய். வைக்காதே. பிள்ளைக்குக் காவல் தேவையில்லை, அதை அவள் காட்டிவிட்டாள். அம்மா தேவை. எனக்கும் நீ தேவை, அதை இந்த வயதில் போனில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாதா உன்னைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உன்
கிறகோரி

அம்மா, இந்த இடம் மட்டும்தான் அப்பா எனக்குத் தந்தவர், மேலே எழுதினதைக் கையாலை மறைச்சுக்கொண்டு நிக்கிறார். இப்ப நான் மீன் பொரிப்பன். லூர்த்தம்மா மாமி பக்கத்திலை நிண்டு அடுப்பைப் பார்ப்பா. ஆனால் எனக்கு உப்புப் பார்க்க ஏலாதுதானே. அப்பாவைக் கேட்டால் எப்பவும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுறார், பிறகு மூண்டு தரம் எழும்பித் தண்ணி குடிக்கிறார். நீங்கள் வந்து உப்புப் பார்த்துச் சொல்லுங்கோ.

ஸ்ரெல்லா