பெரிய கோச்சிடம் அக்கா சொன்னது

2 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஒரு நல்ல சேதி. எங்கள் ஓட்டப்பந்தயச் சங்கம், காது கேளாத கோச்சுகளுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் முதன்முறையாக ஓர் அறிமுகக் கூட்டம் நடத்துகிறது. ஏப்ரல் முதல் ஞாயிறு. மற்ற கோச்சுகள், ஷூ கம்பெனிக்காரர்கள், கல்லூரிக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். நாலு பேரிடம் பேசிப் பழகி வைத்துக்கொள்ளலாம். பெரிய கோச்சும் வருகிறார். எண்ணூறு மீட்டரில் அவர் கைபட்ட யாரும் சோடை போனதில்லை என்று உனக்கே தெரியும்.

சைகையில் மொழிபெயர்க்க வெளியாள் எதற்கு, நான் இருக்கிறேனே என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். ஏழு வயதிலிருந்து உனக்கு வாயும் காதும் நான்தானே. தலைவருக்கு ஒரே சந்தோஷம். ஆபீசில் எனக்கும் கொஞ்சம் மதிப்பு ஏறியிருக்கிறது.

நீ பயிற்சி கொடுக்கிற பெண், உன் குச்சியையும் கூட்டிக்கொண்டு வா. வந்த இடத்தில் சண்டை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
தம்பி


9 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் அதன் இஷ்டத்துக்கு வலிக்கிறது, விடு.

வீடியோவில் பேசிவிடலாமே, எதற்குக் கடிதம் என்று உன் வீட்டுக்காரி கேட்டாளாம். கையால் பேசினால் நீ பாதியில் வேறு பக்கம் பார்த்துவிடுவாய். கடிதத்தில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது என்று சொல்.

நாங்கள் வருகிறோம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பெரிய கோச்சின் குழுவில் குச்சிக்கு ஓர் இடம். பத்தொன்பது வயதில் எண்ணூறை இரண்டு நிமிடம் ஒன்பது விநாடியில் ஓடுகிறாள், அதுவும் தன்னந்தனியாக. பக்கத்தில் ஓட இன்னொருத்தி இல்லை. நான் சைக்கிளில் கூடப் போகிறேன். கடைசி இருநூறில் அவளைச் சீண்டிவிட ஒரு மனுஷி வேண்டும். சைக்கிளைப் பார்த்து யாருக்கு ரோஷம் வரும்?

இன்னொன்றும் அவரிடம் கேட்பேன். ஜனவரியில் அவர் நடத்திய போட்டியில், கிளம்பச் சொல்லிச் சுடும் துப்பாக்கியோடு எங்களுக்காக மின்னுகிற விளக்கை வைக்கவில்லை. விளக்கு இல்லாவிட்டால் இவள் முன் லேன்காரியின் தோள் அசைவதைப் பார்த்துத்தான் கிளம்புவாள். அன்றைக்கு இவளுக்கு எட்டாவது லேன், எல்லோருக்கும் முன்னால் நிற்கிற லேன். முன்னால் ஆளே இல்லை. எல்லோரும் கிளம்பிய பிறகும் குனிந்தபடி நின்றாள் பாவம். அதைச் சொல்லாமல் வரமாட்டேன். சண்டை போடமாட்டேன், சொல்வேன்.

அன்புடன்,
அக்கா


8 ஏப்ரல்

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். வந்ததும் குளித்தேன். அந்தக் கூட்டத்தின் பிசுக்கு போகவில்லை.

முதலில் அந்த அட்டை. கழுத்தில் மாட்டக் கொடுத்தீர்களே, மற்றவர்களுக்கெல்லாம் பெயர் அடித்து. எங்கள் பதினோரு பேருக்கும் ‘காது கேளாதவர்’ என்று மட்டும். அறிமுகக் கூட்டமாம், பெயரே இல்லாமல். குச்சி அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் ‘2:09’ என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்தது விளக்கு. தலைவர் பேச்சுக்கு முன்னால் படம் காட்டுகிறேன் என்று ஹாலை இருட்டாக்கினீர்கள். இருட்டில் எங்களுக்கு உன் கை எப்படித் தெரியும்? முக்கால் மணி நேரம் திரையில் ஓடும் கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஏழெட்டுப் பேர் மாடிப்படிப் பக்கம் எழுந்து போனோம், அங்கேதான் ஒரு குழல்விளக்கு எரிந்தது. தடை ஓட்டத்துக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நரைமுடிக்காரியும் மாரத்தான்காரர் ஒருவரும் அங்கே அறிமுகமானார்கள். உங்கள் ஹாலில் எனக்குக் கிடைக்காதது படிக்கட்டில் கிடைத்தது.

டீ நேரத்தில் காது கேட்கிற கோச்சுகள் எல்லாம் வட்டமாக நின்று முதுகைக் காட்டினார்கள். ஒருவர் வந்து என் மூஞ்சிக்கு நேராக வாயை அகலமாகத் திறந்து ஏதோ கத்திவிட்டு, விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். அதில் ‘தொலைபேசியில் மட்டும் தொடர்புகொள்ளவும்’ என்று அடித்திருக்கிறது.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. பெரிய கோச்சிடம் நான் நாலு நிமிடம் பேசினேன். அவர் போட்டியில் நடந்தது அவர் தப்பு என்று நேராகவே சொன்னேன். மனிதர் கடைசி வரை சிரித்துக்கொண்டே இருந்தார், குச்சியின் தலையைத் தட்டிக்கொடுத்தார். அதைக் கேட்டு யார் சிரிப்பார்கள்? ‘பார்க்கலாம் என்கிறார்’ என்று நீ காட்டினாய். எதைப் பார்க்கலாமாம்? கேட்டு எழுது.

அக்கா


14 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மனம் வருந்தியது. அட்டை அடித்தவன் செய்த தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். முதல் கூட்டம், குறை இருக்கத்தான் செய்யும். அதற்காக எல்லாவற்றையும் குப்பை என்று தள்ளிவிட முடியுமா?

பெரிய கோச் பெரிய மனசுக்காரர், அவர் எதையும் தப்பாக எடுக்கமாட்டார். உன்னைப் பற்றி நல்ல விதமாகத்தான் சொன்னார். இதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். நீ அவசரப்படாதே.

கூட்டத்தில் பேசினது எழுத்தாக வேண்டும் என்று உங்கள் ஆட்கள் கோரிக்கை கொடுத்தார்களே, அதையும் தலைவர் தட்டவில்லை. கூட்டத்தின் வீடியோவை முழுக்க இணையத்தில் போட்டாயிற்று. பேசினதெல்லாம் கீழே எழுத்தாக வருகிறது. ஆபீஸ் பெண் ஒருத்தி மூன்று நாள் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் தட்டினாள். எனக்குத்தான் இன்னும் பார்க்க நேரமில்லை. சங்கம் உங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று இனிமேலாவது சொல்லாதே.

அன்புடன்,
தம்பி


20 ஏப்ரல்

தம்பிக்கு,

பார்த்தேன். அந்தப் பெண் நன்றாகத் தட்டியிருக்கிறாள், ஒரு வார்த்தை விடவில்லை.

மேலே என் கை தெரிகிறது. கீழே உன் வாய் தெரிகிறது.

நான் கையில் சொன்னது: “உங்க போட்டியில விளக்கு இல்ல. என் பொண்ணு எட்டாவது லேன்ல சும்மா நின்னா. அது உங்க தப்பு.” நீ சொன்னது: “எங்களையும் ஒரு பொருட்டா மதிச்சதுக்கு ரொம்ப நன்றி சார்.”

நான் சொன்னது: “இவளை உங்க குழுவுல சேர்த்துக்குங்க. ஆறு மாசம் போதும்.” நீ சொன்னது: “உங்க ஆசி இருந்தா போதும் சார்.”

அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? உனக்குத் தெரியும். எனக்குத்தான் இப்போது தெரிகிறது. “ஆசியெல்லாம் இருக்கட்டும். ஜூன்ல ஒரு இடம் காலியாகுது. இந்தப் பொண்ணு வருவாளான்னு கேட்டுச் சொல்லுங்க.”

நீ என் பக்கம் திரும்பி ‘பார்க்கலாம் என்கிறார்’ என்றாய். அவர் பக்கம் திரும்பி, “அவ்வளவு தூரம் வர்றது அவங்களுக்குச் சரிப்படாது சார்” என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். குச்சி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் படித்தாள். எழுந்து ஸ்பைக்ஸ் ஷூவை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போய்விட்டாள்.

ஏன்டா?

அக்கா


25 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த இடம் தலைவரின் அண்ணன் மகளுக்கு என்று ஆபீசில் முன்பே பேச்சு. தலைவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அடுத்த நாள் எனக்கு அங்கே நாற்காலி இருந்திருக்காது. நானும் குடும்பஸ்தன்.

மற்றபடி நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை அக்கா. சின்ன வயதிலிருந்தே உன் பேச்சைக் கொஞ்சம் பூசி மெழுகித்தான் சொல்லியிருக்கிறேன். பாங்கில், ஆஸ்பத்திரியில், உன்னைப் பெண் பார்க்க வந்தபோது. நீ சொன்னதை அப்படியே சொன்னால் நம்மை எவன் உள்ளே விட்டிருப்பான்? அவர்கள் உன்னைப் பற்றிச் சொன்னதை உனக்கு அப்படியே சொல்லியிருந்தால் நீ தாங்கியிருப்பாயா? இரண்டு பக்கமும் நான்தான் அடி வாங்கினேன். ஏழு வயதுப் பையனுக்கு வேறென்ன தெரியும், சொல்.

அடுத்த வருடம் கட்டாயம் குச்சிக்கு வழி செய்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி


6 மே

தம்பிக்கு,

வியாழக்கிழமை காலை நானும் குச்சியும் பெரிய கோச்சின் கிரவுண்டுக்கே போனோம். எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். விளக்கு விஷயம், அவர் தப்பு, இடம், எல்லாம். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. அதே தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: ‘வர முடியாது என்றார்களே. இடம் போன வாரம் கொடுத்தாயிற்று. விளக்கு என் தப்புதான்.’ அடுத்த போட்டியில் வைப்பதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இடம் போனது போனதுதான். திரும்பி வரும் வழியெல்லாம் குச்சி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

படிக்கட்டில் பழகிய நரைமுடிக்காரியிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன். அவர்களுடைய பெண்களையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேரை ஒன்றாக ஓடவிடுகிறோம். பெரிய கோச்சின் குழுவுக்கு அது ஈடாகாது. இருக்கிறதை வைத்து ஓட்டுகிறோம். இனி எங்கே கூட்டம் என்றாலும் எங்கள் மொழிபெயர்ப்பாளரை நாங்களே கூட்டிவருவோம்.

ஏழு வயதுப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்பத்திரண்டு வயது ஆள்தான் அருவருப்பாக இருக்கிறான்.

உன் கடிதம் வந்ததிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். டாக்டர் சொன்னது, மேனேஜர் சொன்னது, என் புருஷன் கல்யாணத்துக்கு முன் சொன்னது. எதையும் தொட முடியவில்லை, எல்லாவற்றிலும் உன் கை பட்டிருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக என்னைப் பார்த்து என்னவோ சொன்னாள். ‘அவ ஓடட்டும்’ என்கிறாள் என்று நீ காட்டினாய். அந்த ஒரு வரியை நம்பித்தான் தையல் வேலையை விட்டேன், இருபத்திரண்டு வருடமாகக் கிரவுண்டில் நிற்கிறேன்.

அது அம்மா சொன்னதா, நீ சொன்னதா?

பதில் எழுதாதே. நீ எதை எழுதினாலும் நம்ப எனக்கு இனி வராது.

அக்கா