என் பீரோவில் இருந்த தங்க ஆமை

இன்று காலை பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறியது. வழக்கம்போல என் கை வேட்டிகளுக்கு அடியில் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. உன் ஆமை நாணயத்தை நேற்று உன் வீட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.

மயிலாப்பூரில் நடந்த அந்த நாணயக் கண்காட்சிக்கு என்னை இழுத்துப் போனவன் நீதான். தி. நகர் பாத்திரக் கடையை மதியமே பூட்டிவிட்டு வந்திருந்தாய். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய தங்க நாணயம். ஒரு பக்கம் இங்கிலாந்து ராணி, மறுபக்கம் கடலாமை. வெளியிட்டது எங்கோ நடுக்கடலில் ஒரு குட்டித் தீவு நாடு. அந்த நாட்டுச் சனம் மொத்தமும் வந்தாலும் தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் பாதி நிறையாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். வாங்கியும்விட்டாய். வாசலுக்கு வந்த பிறகுதான் உன் முகம் வெளுத்தது.

“வீட்டுக்குக் கொண்டுபோனா தொலைஞ்சேன். ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பா எம் பொண்டாட்டி. உனக்குத்தான் சாமியும் கிடையாது, சகுனமும் கிடையாதுல்லா? நீயே வச்சுக்கிடு.”

அடப்பாவி, என் வீடு மட்டும் உருப்படாமல் போகலாமா? ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மாதம் ஒரு முறை வருவாய். காப்பி குடித்துக்கொண்டே பிளாஸ்டிக் உறையோடு அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவாய். உண்மையைச் சொன்னால், மகளுக்கு விடாமல் காய்ச்சல் அடித்தபோது நாத்திகனான நானே ஒரு தரம் பீரோவை முறைத்துப் பார்த்தேன்.

பிறகு நீ திடீரென்று கண்ணை மூடிவிட்டாய். எட்டு மாதமாக உன் வீட்டம்மா உன் பேச்சையே எடுப்பதில்லை என்று உன் மகன் சொல்லி வருந்தினான். அந்த நிலையில் ஆமையை எப்படிப் போய் நீட்டுவேன்? இதனால்தான் நீ போனாய் என்று அவர் நினைத்துவிட்டால்? கொடுக்காமல் இருந்தாலோ, அடுத்தவன் தங்கத்தை அமுக்கியவன் ஆகிறேன்.

நேற்று துணிந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவரிடம் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இதுக்குப் போயா இந்த மனுசன் பயந்தாரு? காட்டியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு, வாங்கி உள்ள வச்சிருப்பேனே அண்ணாச்சி.”

அவ்வளவுதான், ஆரம்பித்தார் பார். கடையைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றியதற்கு, சர்க்கரை மாத்திரையை ஒழுங்காக விழுங்காததற்கு, சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு என்று ஒரு மணி நேரம். நடுவில் அழுதார், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி திட்டினார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. உனக்குச் சேரவேண்டிய திட்டையெல்லாம் உன் இடத்தில் உட்கார்ந்து நான்தான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இருக்கட்டும், அது என்னிடமே இருக்கட்டும்.