கைப்பட்டைக்குள் ஒரு பயண அட்டை

மார்ச் 4, செவ்வாய்

காலை 8.10. மூன்றாம் நடைமேடை. பரிசோதகர் மறித்தது ஐந்து பேரை. விட்டது நாலு பேரை.

ஐந்தாவது ஆள் நான். டிக்கெட் இல்லாமல் ரயிலில் வந்தேனாம். நான்! மணிக்கட்டை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

"கார்டு எங்க?"

"இதுதான் சார் கார்டு."

"இது தோல் பட்டை."

"உள்ள இருக்கு."

லிஃப்ட் மெக்கானிக் நான். கையில் எப்போதும் கருவிப் பெட்டி. கதவருகே நின்று பர்ஸைத் துழாவுவது, பின்னால் நிற்பவரின் முணுமுணுப்பைக் கேட்பது, இதெல்லாம் எனக்கு ஆகாது. அதனால்தான் போன மாதம் பயண அட்டையை அக்காவின் நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் ஊறவைத்து பிளாஸ்டிக்கைக் கரைத்தேன். உள்ளே இருப்பது ஒரு சின்னச் சில்லும் முடி போன்ற செம்புக் கம்பிச் சுருளும்தான். அவற்றை ஒரு தோல் பட்டைக்குள் வைத்து அக்காவிடம் தைத்து வாங்கினேன். கையைக் காட்டினால் கதவு திறக்கும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இன்று அவருடைய கைக்கருவி ஒன்றும் காட்டவில்லை. விரலால் அதைத் தட்டிப் பார்த்தேன்.

"சார், பேட்டரி செத்துக்கிட்டிருக்கு. முதல்ல அதை மாத்துங்க."

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் பெயரையும் முகவரியையும் நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். விசாரணை முடியும்வரை பட்டையைக் காட்டக் கூடாது, டிக்கெட் வாங்கித்தான் வர வேண்டும் என்றார்.

காலையில் கூட்டத்துக்காக நுழைவுக் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். கையை நீட்டினேன், 'பீப்' கேட்டது, உள்ளே வந்தேன். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

போகட்டும். மருத்துவமனையின் இரண்டாவது லிஃப்ட் ஒருவழியாகப் படிந்துவிட்டது. அந்தக் குலுக்கல் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் பூனை மாதிரி வந்து நிற்கிறது. நல்ல நாள்தான்.

மார்ச் 5

அக்காவிடம் சொன்னேன். வீட்டிலேயே மெஷின் போட்டுப் பை தைக்கிறவள். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே பேசினாள்.

"நான் தைச்சேன்னு எங்கயும் எழுதிடாதடா. பை தைக்கிறவளைக் கூண்டுல ஏத்திடப் போறாங்க."

"அவங்க மெஷின் கோளாறுக்கா. விட்டுடுவாங்க."

"நீ பேசுன பேச்சுக்கு? விடுவாங்க, விடுவாங்க."

மார்ச் 8

விடுமுறை. பத்து மணிவரை தூக்கம். துணி துவைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து டீ. அக்காவின் மெஷின் ஓசை. குறை ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 11

கடிதம் வந்துவிட்டது. மூன்று குற்றச்சாட்டுகள்: கட்டணம் செலுத்தாமல் பயணம், பயண அட்டையைச் சிதைத்தது, பரிசோதகரை அவமதித்தது. 'உங்கள் மீது ஏன் வழக்குத் தொடரக் கூடாது' என்று இருபதாம் தேதி நேரில் வந்து விளக்க வேண்டும்.

இப்போதைக்கு நான் லிஃப்டைச் சரிசெய்யலாம். ஆனால் 'இது பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட முடியாது. அதற்கு உரிமம் வேண்டும். தேர்வு எழுதித் தேறிவிட்டேன். மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதில் ஒன்பதாவது கேள்வி: 'உங்கள் மீது வழக்கு ஏதேனும் உண்டா?' உண்டு என்று எழுதினால் விண்ணப்பம் தூசி படிந்து கிடக்க வேண்டியதுதான்.

என்னடா இது? காசு குடுக்காம ஓடுற ஆளா நான்? ஒரு பேட்டரி மாத்தச் சொன்னது குத்தமா?

மார்ச் 12

விளக்கம் எழுதிவிட்டேன். ஆறு பக்கம். அலைவரிசை, கருவியின் மின்னழுத்தம், இரண்டு வரைபடங்கள். குறை முழுக்க அவர்கள் கருவியில்தான் என்று நிறுவியிருக்கிறேன்.

மதியம் புயலிடம் காட்டினேன். என்னோடு வேலை செய்கிறவன்; நடக்கிற வேகத்தைப் பார்த்து வைத்த பெயர். சாப்பிட்டுக்கொண்டே ஆறு பக்கத்தையும் புரட்டினான்.

"மச்சான், இதுல மன்னிப்பு எந்தப் பக்கத்துல வருது?"

"எதுக்கு மன்னிப்பு?"

"சும்மா கேட்டேன். படம் நல்லா இருக்கு."

மார்ச் 15

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மருத்துவமனையில் வேலை. நாலாம் மாடிக் கதவின் பூட்டை மாற்றிய புயல், மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டான்.

"முடிஞ்சுது. வா, டீ குடிக்கலாம்."

"ஓட்டிப் பாத்தியா?"

"புதுப் பூட்டுடா. என்ன ஆகப்போகுது?"

எனக்கு வந்ததே கோபம். "சரிபண்ண சாமானை ஓட்டிப் பாக்காம குடுக்கிறவன் மெக்கானிக்கே இல்லடா!" என்று கத்தினேன். தள்ளுவண்டியோடு காத்திருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். புயல் உதட்டைப் பிதுக்கி, மேலும் கீழும் மூன்று முறை ஓட்டினான். பூட்டில் ஒரு குறையும் இல்லை.

"திருப்தியாங்கய்யா?"

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாட்டிக்கொண்டதற்கு முந்தைய நாள், திங்கள் மாலை, பட்டையின் ஓரத் தையல் விட்டுப்போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் கொடுத்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று அரித்தெடுத்தேன். அவள் மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டித் தூக்கிப்போட்டாள். கட்டிக்கொண்டேன். சோதித்தேனா? எங்கே!

வீட்டுக்கு வந்ததும் பட்டையைப் பிரித்து மல்டிமீட்டர் வைத்தேன். இணைப்பு இல்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் புதுத் தையல் வரிசை செம்புச் சுருளைக் குறுக்கே கடந்து போயிருக்கிறது. ஊசி கம்பியைச் சுத்தமாக அறுத்துவிட்டது. அன்று நான் கேட்ட 'பீப்' பக்கத்துக் கதவில் வேறு யாருக்கோ அடித்தது. நான் காசு கொடுக்காமல்தான் பயணம் செய்திருக்கிறேன். பரிசோதகரின் கருவி சரி.

பேட்டரி குறைவாக இருந்தது. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 16

அக்காவிடம் பட்டையைக் காட்டினேன். மெஷினை நிறுத்தினாள்.

"அப்ப உன்னை மாட்டிவிட்டது நான்தானா?"

கண் கலங்கிவிட்டது. பிறகு அவளே, "என் பேரை எழுதிக்கோடா. அக்கா தைச்சதுல அறுந்துபோச்சுன்னு எழுது. வர்றது வரட்டும்" என்றாள். கூண்டுக்குப் பயந்தவள்!

"தைக்கச் சொன்னேன், தைச்சே. உன் வேலை அவ்வளவுதான். டெஸ்ட் பண்ண வேண்டியவன் நான். சும்மா அழாதே."

"அதையே கொஞ்சம் அன்பா சொன்னா வாய் வலிக்குமா?"

இருவரும் சிரித்துவிட்டோம்.

ஆறு பக்கத்தையும் அவளிடம் கொடுத்தேன். பைக்கு அளவு வெட்டிக்கொண்டாள். புதிதாக அரைப் பக்கம் எழுதினேன். அட்டையைக் கரைத்தது நான், பழுதுபார்த்தபின் சோதிக்காதது நான், பேசியதும் நான்.

மார்ச் 20

ரயில் அலுவலகம், இரண்டாம் மாடி. (அங்குள்ள லிஃப்ட் தரைக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.)

அதிகாரி ஒரு அம்மா. அரைப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். கம்பி அறுந்த பட்டையை விளக்கடியில் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு வேலை செஞ்சதுக்கு, கார்டை கையில எடுத்துக் காட்டியிருக்கலாமே தம்பி?"

"கையில டூல் பாக்ஸ் இருக்கும் மேடம்."

"இன்னொரு கையில?"

கொஞ்சம் யோசித்தேன். "ஃபோன்."

பக்கத்து மேசைக்காரர் இருமினார். அது இருமல் இல்லை.

"திங்கக்கிழமை வரைக்கும் காசு கட்டியிருக்கீங்க. கணக்குல இருக்கு. செவ்வாய்க்கிழமை இல்ல."

"இல்ல மேடம். எழுதியிருக்கேன்."

"பரிசோதகர்கிட்ட பேட்டரி மாத்தச் சொன்னீங்களாமே?"

"சொன்னேன். சொன்ன விதம் தப்பு."

அவர் கோப்பை மூடினார். "மாத்திட்டாங்க. நீங்க போகலாம். முடிவு தபால்ல வரும்."

மார்ச் 24

தபால் இல்லை. என்னைத் தூரத்தில் கண்டாலே தபால்காரர் கையை விரிக்கிறார். மூன்று வாரமாக டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கிறேன். முன்னால் நின்றவர் இன்று பர்ஸைத் துழாவினார். நான் முணுமுணுக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் தூக்கம் நன்றாகத்தான் வருகிறது. ஆச்சரியம்.

மார்ச் 27, வியாழன்

மாலை தபாலில் வந்தது. இரண்டு முறை படித்தேன். அக்கா ஒரு முறை சத்தமாகப் படித்தாள். இனிச் செய்ய வேண்டியவை:

1. அபராதத்தை நாளைக் காலையே கட்டிவிட்டு, ரசீதை எச்சரிக்கைக் கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைப்பது.

2. புதுப் பயண அட்டை வாங்குவது. சட்டைப் பையில் வைப்பது. எதிலும் ஊறவைக்காமல் இருப்பது.

3. மூன்றாம் நடைமேடையில் அந்தப் பரிசோதகரைப் பார்த்தால் வணக்கம் சொல்லி, மன்னிப்புக் கேட்பது. பேட்டரியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருப்பது.

4. புயலுக்கு டீ. மன்னிப்பு எந்தப் பக்கத்தில் வந்தது என்றும் சொல்வது: முதல் பக்கம், முதல் வரி.

5. உரிம விண்ணப்பம். ஒன்பதாவது கேள்விக்கு, வழக்கு 'இல்லை'. நாளையே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது.

6. அக்காவின் மெஷின் மிதி கிறீச்சிடுகிறது. சரிசெய்வது. ஒரு துணியில் நாலு வரி தைத்துப் பார்த்து, அதற்குப் பிறகே அவளிடம் கொடுப்பது.