அரவிந்தன் வாசித்த பழைய பாட்டுகள்

டிசம்பர் 14, சனி. ராஸ் அல் கைமா.

ராக் கிதார் வாசிக்கும் என் மகன் அரவிந்தன், ஸ்விங், ஜம்ப் ப்ளூஸ் என்கிற பழைய அமெரிக்க நடனப் பாட்டுகளைத் தானே வாசித்து ஓர் ஆல்பம் செய்திருக்கிறான். நாளை வெளியிட வேண்டும். மாலையில் மூலப் பாட்டுகளை முதலிலும், தன்னுடையதைப் பிறகும் போட்டுக் காட்டினான்.

"அச்சு அசலா அப்படியே இருக்குடா" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது.

"அப்ப நான் எதுக்குப்பா வாசிக்கணும்? கலாஸ், முடிஞ்சது, வெளியிடலை" என்று எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான்.

"விடைத்தாள் திருத்துற புத்தி இன்னும் போகலையே மாமா" என்று மருமகள் சிரித்தாள். உண்மைதான். ஓய்வுபெற்ற வாத்தியார் நான், மூலப் பாட்டை விடைக்குறிப்பு போலப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒரே செய்யுளை ஒப்பிப்பார்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே, குரலை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவேன். அந்த நினைவில், அவனுடையதை மட்டும் மறுபடி கேட்டேன். மூன்றாவது பாட்டில் கிதார் தாளத்துக்கு ஒரு துளி பிந்தி, பிறகு ஓடி வந்து சேர்ந்துகொண்டது. சின்ன வயதில் காலையில் பள்ளி மணி அடித்தபின் வாசலில் ஓடி வருவானே, அதே பிள்ளை.

அவன் அறைக்கதவைத் தட்டினேன். "பாட்டு அவங்களோடதுதான். லேட்டா ஓடி வர்றவன் நீதான்டா."

சிரித்தான். வெளியிடுவானா, தெரியவில்லை. கதவை மூடிக்கொண்டு மூன்றாவது பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறான்.