ஒரு வரியைத் தவிர

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று நாலு வரியில் முடித்துவிடுவதுதான் என் வழக்கம். வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை, அதிலும் உன் அண்ணியின் கையெழுத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு என் கையெழுத்து. பதினோரு வருஷத்தை அப்படியே ஓட்டிவிட்டேன். இந்த முறை சொல்ல வேண்டியது அட்டையில் அடங்காது. போனில் பேசலாம் என்றால் நான் தொண்டையைக் கனைப்பேன், நீ "சொல்லுங்கண்ணா" என்பாய், உடனே போனை அண்ணியிடம் நீட்டிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணிக்கு முழங்கால் வலி, டாக்டர் மாடிப்படி ஏறாதே என்கிறார், நாங்கள் இருப்பதோ மூன்றாவது மாடி. மகள் கல்லூரியில் கடைசி வருஷம். நான் அதே குடிநீர்ப் பிரிவில் அதே மேஜையில் இருக்கிறேன். சாயங்காலம் நகராட்சி பேண்டில் அதே டிரம்பெட். முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருக்கிறது. அது விழுந்தால் என் டிரம்பெட் வாழ்க்கையும் முடிந்தது என்று பேண்டு மாஸ்டர் தினமும் என் வாயைப் பார்த்துக் கவலைப்படுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தேசிய கீதத்தை மாற்றலாமா என்று வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. அங்கே செய்தியில் பார்த்திருப்பாய். ஆனால் இங்கே இருப்பவன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எந்தச் செய்தியிலும் வராது. வீட்டிலேயே மூன்று கட்சி. மகள் மாற்றியே ஆக வேண்டும் என்கிறாள். பகை, ரத்தம், வேர் அறுப்பது, இதையெல்லாமா சின்னப் பிள்ளைங்க காலையில எழுந்து வந்து பாடணும் என்று கேட்கிறாள். அண்ணியிடம் கேட்டால், பாட்டை மாத்தினா நம்ம மாடிக்குத் தண்ணி ஏறுமா, ஏறும்னா சொல்லுங்க, நானும் வந்து பாடுறேன் என்கிறாள். குடிநீர்ப் பிரிவுக்காரன் மனைவி அதைச் சொல்லும்போது வாயைத் திறக்க முடியுமா?

மூன்றாவது கட்சி நான். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறு பக்கம்.

புதுப் பாட்டைக் கேட்டிருப்பாயோ என்னவோ. அதில் பகை கிடையாது, போர் கிடையாது. மழை வருகிறது, வெயில் வருகிறது, கைகள் கோத்துக்கொள்கின்றன. வானிலை அறிக்கைக்கு மெட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது என்று எங்கள் டிரம் அடிப்பவர் சொல்கிறார். அவரை நாங்கள் இடி என்று கூப்பிடுவோம், பேச்சும் அப்படித்தான். ஆனால் பழைய பாட்டை வாசிக்கும்போது என் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது, அதை நான் என்ன செய்ய? அப்பா ஞாபகம் வருகிறது. ரேடியோவில் அது ஒலித்தால் பாதி ஷேவிங்கில் கன்னத்து நுரையோடு விறைப்பாக நின்றுவிடுவாரே! நுரை சட்டைக்குள் வழியும், துடைக்க மாட்டார். நீயும் நானும் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் அப்பா எதற்காக நின்றார் என்று ஆகிவிடாதா?

பகையின் வேரறுப்பது என்று வரும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்டுப் பார்த்தார்கள். ஓட்டெடுப்புக் குழு ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பாட்டுக்காரர்கள் ஒரு எழுத்தைத் தொடக்கூடாது என்றார்கள். புதுப் பாட்டுக்காரர்கள், வரியை எடுத்தாலும் அந்த இடம் வரும்போது எல்லார் மனசுக்குள்ளும் அதுதானே ஓடும் என்றார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. அதுதான் என் தொந்தரவு.

போன வாரம் நடந்த கூத்தைச் சொல்கிறேன், சிரிப்பாய். மாவட்ட விளையாட்டுப் போட்டித் தொடக்க விழா. ஓட்டெடுப்பு வரை இரண்டு பாட்டையும் மாறி மாறி வாசித்து மக்கள் காதுக்குப் பழக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. அன்றைக்குப் புதுப் பாட்டு முறை. அதற்கு மெட்டுப் போட்ட புண்ணியவான், மக்களுக்கு அந்நியமாகப் படக்கூடாது என்று முதல் இரண்டு அடியைப் பழைய மெட்டிலேயே விட்டுவைத்திருக்கிறார். அதுவரை எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். மூன்றாவது அடியில் பேண்டில் பாதிப் பேர் பழைய பாட்டுக்குப் போய்விட்டார்கள், பாதிப் பேர் புதுசுக்குத் திரும்பினார்கள். ஒரே மைதானத்தில் இரண்டு நாடு. மாவட்ட அதிகாரி சல்யூட்டைக் கீழே இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையைக் காதுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். இடி மட்டும் கடைசி வரை அடித்து முடித்தார். இரண்டு பாட்டுக்கும் தாளம் ஒன்றுதானாம், தப்பே பண்ணாத ஒரே ஆள் நான்தான் என்று இன்னும் பெருமை அடித்துக்கொள்கிறார்.

நான் எந்தப் பக்கம் போனேன் என்று கேட்கிறாயா? எந்தப் பக்கமும் போகவில்லை. மூன்றாவது அடியில் டிரம்பெட்டை உதட்டில் வைத்தபடி சும்மா நின்றேன். மூச்சு இருந்தது, ஊதவில்லை. மறுநாள் மாஸ்டர் ஒவ்வொருவராக விசாரித்தார். என் முறை வந்தபோது ரெண்டையும் வாசிக்கல மாஸ்டர் என்றேன். அவர் என் ஆடும் பல்லைப் பார்த்தார், வாசிக்காதவனுக்கு என்ன தண்டனைன்னு சுற்றறிக்கையில போடல, போய்யா என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உன்னை யாரும் அப்படிச் சிரித்து அனுப்பிவிடவில்லையே.

இதுவரை புதன்கிழமை எழுதியது. இன்று வெள்ளி. நடுவில் ஒரு நாள் முழுக்க இந்தத் தாளை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதை எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன், நீ பாடம் எடுத்த பள்ளி மைதானத்தில் கொடியேற்றும் நாளன்று என் உதடு வெடித்திருந்தது. அதனால் பேண்டில் நிற்காமல் ஆசிரியர்கள் வரிசையில் உன் பக்கத்தில் வந்து நின்றேன். உதடு நன்றாக இருந்திருந்தால் நீ பாடினாயா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நீ பாடினாய். உன் குரல்தான் அந்த வரிசையிலேயே சுருதி சேர்ந்து இருந்தது. "ஆறு கடந்து வந்த பகையின் வேரறுப்போம்" என்ற இடம் வந்தபோது மட்டும் வாயை மூடிக்கொண்டாய். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொண்டாய். அவ்வளவுதான் நடந்தது. ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும். மாப்பிள்ளையின் தாத்தா அந்தப் பக்கத்திலிருந்து ஆறு கடந்து வந்தவர். அதற்கு முந்தின வாரம்தான் ஏழு வயசுப் பிள்ளை உன்னிடம், அம்மா, அந்தப் பகை நம்ம அப்பாவா என்று கேட்டதை நீயே எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லி அழுதாய்.

நீ கீதம் பாடவில்லை என்று யாரோ மனுப் போட்டார்கள். விசாரணைக்குப் பக்கத்தில் நின்றவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணன்தானே, விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நீ நினைத்திருப்பாய். விசாரித்த நகராட்சி அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவங்க பாடினாங்களா, ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க என்றார். நான் இல்லை என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வரியைப் பாடவில்லை என்பது உண்மைதானே. ஆனால் ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் பாடினாள் என்று சொல்ல எனக்கு இன்னும் எத்தனை மூச்சு பிடித்திருக்கும்? நானோ மூச்சடக்கி டிரம்பெட் ஊதுகிறவன். அந்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த அதிகாரியின் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேனா, பயத்தில் சொன்னேனா, அந்தப் பாட்டின் மேல் உள்ள பக்தியில் உன் மேல் எனக்குக் கோபமா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சத்தியமாக எனக்கே தெரியவில்லை. உனக்கு வேலை போனது. எனக்கு நிரந்தரமானது. நீங்கள் மூன்று பேரும் ஊரைவிட்டுப் போன அன்று நான் பஸ் நிலையத்துக்கு வரவில்லை, அலுவலகத்தில் குழாய் உடைப்பு என்று சொல்லி அனுப்பினேன். குழாய் எதுவும் உடையவில்லை.

போன மாதம் உன் மகள் என் மகளிடம் பேசக் கூப்பிட்டபோது நான்தான் போனை எடுத்தேன். நல்ல குரல், அப்படியே உன் குரல். மாமா, அம்மா துணி மடிக்கும்போது இன்னும் அந்தப் பழைய பாட்டைத்தான் பாடுறாங்க, புதுசு வரணும்னு நாங்க சொன்னா ஒண்ணும் பேச மாட்டேங்கிறாங்க என்றாள். போனை என் மகளிடம் நீட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாட்டு உன்னை விரட்டியது என்று நினைத்துத்தான் நான் புதுசுக்குத் தலையாட்ட ஆரம்பித்திருந்தேன். நீயானால் அதைத் துணியோடு சேர்த்து மடித்துக்கொண்டிருக்கிறாய்! யாருக்காக மாற்றுவது, யாருக்காக வைத்துக்கொள்வது, சொல்.

இன்று மதியம் கல்வி அலுவலகத்துக்குப் போய் ஒரு மனுக் கொடுத்தேன். பதினோரு வருஷத்துக்கு முன் நான் கொடுத்த வாக்குமூலம் பாதிதான், மீதி இது என்று எழுதி, அவர் ஒரு வரியைத் தவிர பாட்டு முழுவதையும் பாடினார் என்று முடித்திருந்தேன். அங்கிருந்த எழுத்தர் சின்னப் பெண். இரண்டு தடவை படித்தாள். இதை இப்ப எந்தக் கோப்புல சார் சேர்க்கிறது, பாட்டே போகப்போகுதே என்றாள். சேர்க்க இடம் இல்லையென்றால் உன் மேஜையிலேயே வைத்துக்கொள் அம்மா, ஆனால் முத்திரை குத்திக் கொடு என்றேன். குத்திக் கொடுத்தாள். அதன் நகல் இத்துடன் இருக்கிறது.

ஞாயிறு மாலை. ஓட்டுப் போட்டுவிட்டேன். எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி எது தெரியுமா? உன் பள்ளி, உன் வகுப்பறை. குட்டி பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, கரும்பலகையை அட்டையால் மறைத்து வைத்திருந்தார்கள். சீட்டில் ஒரே கேள்வி, கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். என் வாழ்க்கையில் இந்தக் கேள்வி இரண்டாவது தடவையாக வந்து நிற்கிறது, இப்போதும் எழுத மூன்றாவது இடம் இல்லை. அதிக நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது, வெளியே இருந்த அதிகாரி, பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஆம் என்று குத்தினேன். உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். பள்ளி வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள், திரும்பப் போய் அதைப் பிடுங்கிக் கிழித்துவிட வேண்டும் போல இருந்தது. அப்பாவுக்காக இல்லை. பாட்டு போய்விட்டால் தப்பெல்லாம் பாட்டினுடையது என்று ஆகிவிடும், எல்லோரும் நல்லவர்களாகிவிடுவோம், யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. என் தப்பையும் அதன் தலையில் கட்டித்தான் அனுப்பிவைத்தேனோ? வீடு வரும் வரை வாய்க்குள் பழைய பாட்டுத்தான் ஓடியது. நடுவழியில் நிறுத்திவிட்டேன், அந்த இடம் வரப்போகிறது என்று.

முடிவு வியாழக்கிழமை தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வர அதற்கு மேலும் ஒரு வாரம் ஆகும். எந்தப் பாட்டு ஜெயித்தாலும் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. மாப்பிள்ளையைக் கட்டாயம் அழைத்து வா, அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வேண்டும், அவருக்கு வேண்டியதில்லை. மூன்றாவது மாடிதான், அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வருவாள். பஸ் நிலையத்துக்கு நான் வருவேன். குழாய் எது உடைந்தாலும் வருவேன்.

வர முடியாவிட்டால் பரவாயில்லை. இதற்கு மட்டும் பதில் போடு. துணி மடிக்கும்போது அந்த இடம் வந்தால் என்ன செய்கிறாய்? நிறுத்துகிறாயா, மெட்டை மட்டும் முனகிக்கொண்டு தாண்டிப் போகிறாயா? எழுது அம்மா. இந்தப் பல் விழுவதற்குள் நானும் அப்படியே வாசித்துப் பழகிக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அண்ணன்