வரிசையில் கண்ணை மூடினால்

மாமு,

இன்று காலை துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற டிரெய்லர்காரர் ஓமவாட்டர் பாட்டிலைத் திறந்தார். வயிறு சரியில்லையாம். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு எனக்கும் வேண்டுமா என்று நீட்டினார். டீசல் புகை, காசிமேட்டுக் கருவாட்டு வாடை இரண்டையும் தாண்டி அந்த ஓம வாசனை வந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் என் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு இறங்கினேன். மறுபடி ஏறினேன். காரணமே இல்லாமல் எல்லா டயரையும் ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் மனைவியிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஏழு மாதமாகத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இந்த வாசனை வந்ததும் இனி முடியாது என்று தெரிந்துவிட்டது.

என் கோபம் உனக்குத் தெரியும். பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் ஒரு கார்க்காரனின் சட்டையைப் பிடித்தவன் நான். அதற்கு அடுத்த வாரம்தான் மயக்கம் வந்து, டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, மாத்திரை பாதி, மன அமைதி பாதி என்று சொல்லி அனுப்பினார். மாத்திரையைக் கடையில் வாங்கினேன். அமைதிக்கு என் மகள் போனில் ஒரு தியான ஆப் போட்டுக்கொடுத்தாள். வரிசையில் நிற்கும்போது கேட்கச் சொன்னாள்.

"நீங்கள் ஓர் அமைதியான கடற்கரையில் அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றது அந்தக் குரல். நான் நிஜமாகவே கடற்கரையில்தான் உட்கார்ந்திருந்தேன். அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது, பின்னால் ஒருவன் ஏர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான், எனக்கு மண்டைக்குள் நரம்பு துடித்தது. அந்த நேரம் பார்த்து நீ அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறினாய். கொஞ்சம் கேட்டாய். பிறகு போனை வாங்கி அணைத்தாய்.

"இன்னாத்துக்கு மாமு நெனச்சிகினு? அதான் எதிர்லயே கீதே."

வியாசர்பாடியில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தர் கோயிலில், ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தியானத்துக்குப் போவது எனக்கு அன்றுதான் தெரியும். பத்து வருடம் ஒரே வரிசையில் நின்றிருக்கிறோம், நீ சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் கிண்டல் பண்ணுவேன் என்றாய். பண்ணியிருப்பேன்தான்.

பெரிய பாடமெல்லாம் நீ நடத்தவில்லை. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அதைப் பார்த்துக்கொண்டிரு, பத்து வரை எண்ணு, மனசு வேறெங்காவது ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டிவந்து ஒன்றிலிருந்து ஆரம்பி, அவ்வளவுதான் என்றாய். எனக்கு மூன்று வரும், நான்கு வரும், அதற்குள் கேட் பாஸ் ஞாபகம் வரும், மகன் பரீட்சை ஞாபகம் வரும், எவனோ எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்து புதிதாகக் கோபம் வரும். என்ன கணக்கில் நிற்கிறேன் என்று தினமும் கேட்பாய். நாலு என்பேன். நாலு போதும் என்பாய்.

ஒருநாள் உன் பேச்சை நம்பிக் கண்ணை நன்றாக மூடிவிட்டேன். எட்டு வந்தது மாமு, வாழ்க்கையில் முதல் தடவை. கண்ணைத் திறந்தால் எனக்கு முன்னால் ஏழு வண்டி புதிதாக நிற்கிறது. இடைவெளி விழுந்ததும் பக்கத்துச் சாலையில் நின்றவன் எல்லாம் நுழைந்துவிட்டான். பின்னால் நின்ற அத்தனை பேரும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். நான் ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நீ ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, ராடைக் கீழே போட்டேன். அதற்கப்புறம்தான் நமக்கென்று முறையை மாற்றினாய். கண்ணைத் திறந்துவைத்து, முன் வண்டி கன்டெய்னர் கதவைப் பார்த்துக்கொண்டே மூச்சைக் கவனிக்க வேண்டும். கண்ணை மூடுவது வீட்டில் மட்டும்.

நான் சாந்தசொரூபி ஆகிவிடவில்லை. ஆனால் ஹாரன் அடிப்பது குறைந்தது. வீட்டில் தட்டை நகர்த்தி வைக்கும் சத்தம் குறைந்திருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். உன்னிடம் அதைச் சொன்னபோது உனக்கே புரமோஷன் கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதாமல் எனக்கு ஆகாது. பதினொரு மணி வெயில். வரிசை நகரவே இல்லை என்று இறங்கி உன் வண்டிப் பக்கம் வந்தேன். நீ ஸ்டியரிங்கில் சாய்ந்து, நெஞ்சில் கையை வைத்து, கண்ணை மூடியிருந்தாய். கண்ணை மூடக்கூடாது என்று சொன்னவனே மூடியிருக்கிறானே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஆழ்ந்த தியானம், கலைக்கக்கூடாது என்று நினைத்து, செருப்புச் சத்தம்கூட வராமல் பத்து நிமிடம் தள்ளி நின்றேன். ஹாரன் அடிக்கப் போன ஒருவனைக் கையைக் காட்டி வேறு அடக்கினேன்.

நீ கண்ணைத் திறந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. வாயு என்றாய். கடையில் ஓமவாட்டர் வாங்கிவரச் சொல்லிக் குடித்தாய். ஏப்பம் வந்ததும் பார்த்தாயா, வாயுதான் என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் வண்டிச் சாவியை எடுத்தேன். பெண்ணின் நிச்சயதார்த்தம் முடியட்டும், இப்போது தெரிந்தால் வீட்டில் வண்டியைத் தொடவிடமாட்டாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வூட்ல மூச்சு வுடாத மாமு."

மூச்சைப் பார் பார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன், அன்று மூச்சு விடாதே என்றாய். நான் சரி என்றேன். பதினோராம் நாள் விடியற்காலையில், உன் வீட்டுப் பாயில் கண்ணை மூடி உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய்.

சாவுக்கு வந்தவர்களெல்லாம் நல்ல சாவு என்றார்கள். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், அவள் மட்டும் சொல்லவில்லை. நீ தியானத்தில் இருப்பதாக நினைத்து, டீயைப் போட்டு மூடிவைத்துவிட்டு, அரை மணி நேரம் உன்னை எழுப்பாமல் இருந்துவிட்டாளாம். அப்போதே எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரே என்று ஏழு மாதமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். அவள் மேல் தப்பில்லை, பதினொரு நாள் முன்பே தெரிந்திருந்தும் வாயைத் திறக்காதவன் நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பிறகு தள்ளி நடந்த நிச்சயதார்த்தத்துக்குக்கூட வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

இன்று லோடை இறக்கியதும் நேராக வியாசர்பாடிக்குப் போனேன். மூன்றாவது மாடி ஏறுவதற்குள் நாலு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன். தங்கச்சி கதவைத் திறந்து, "வாண்ணா, இன்னா இவ்ளோ நாளா ஆளையே காணோம்?" என்று நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டியரிங், வேர்வை, ஓமவாட்டர், நீ சொன்ன வார்த்தை, எதையும் விடவில்லை. அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

எனக்குப் போட்ட நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனுக்கும் தெரியும்ணா. போறதுக்கு ஒரு வாரம் முன்னால வூட்ல வலி வந்து குந்திகினாரு. நான் உனுக்குப் போன் போடப் போனேன். உன்கிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு தலையில அட்ச்சி சத்தியம் வாங்கிகினாரு. உனுக்கு பிரஷராம், தாங்கமாட்டியாம்."

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது மாமு. அவளுக்கும் அப்படித்தான். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினோம். எனக்காக அவள் வாயையும், அவளுக்காக என் வாயையும் அடைத்துவிட்டு, நடுவில் நீ ஒருவனாகத் தாங்கியிருக்கிறாய். எங்களில் ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதும். பிறகு அவள் அழுதாள், நானும் அழுதேன். நான் கிளம்பும்வரை, தன்மேல்தான் தப்பு என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

இதை அடுத்த லோடுக்கான வரிசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மனசு அடங்கவில்லை. சற்று முன் எண்ணிப் பார்த்தேன், மூன்றோடு நின்றுவிட்டது. பக்கத்து வண்டியில் ஒருவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். அசையவில்லை. பலமாகத் தட்டினேன். விழித்துக்கொண்டு, தூங்கவிடமாட்டாயா, உனக்கு அறிவிருக்கிறதா என்று காது கூசும்படி திட்டினார். முன்பென்றால் கைகலப்பாகியிருக்கும்.

அவர் திட்டி முடிக்கிறவரை நின்று கேட்டேன். அவருக்கு நல்ல மூச்சு, தடையில்லாமல் வந்தது.