நிபந்தனைக்குட்பட்ட சம்மதம்

வேங்கிக்கால்,
13.02.2025

அன்புள்ள வினோதினி,

நலமே. தொலைபேசியில் இவ்விஷயத்தைத் தொடங்கினால் நம்மில் ஒருவர் இணைப்பைத் துண்டித்துவிடுகிறோம். ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் அறக்கட்டளையின் திருவண்ணாமலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் இடம் காலியாகிறது. அஞ்சல்வழியில் பெற்ற வரலாற்றுப் பட்டத்தைக் கொண்டு கணிதத்திலிருந்து அதற்கு மாறி, ஓசூரிலிருந்து வீடு திரும்ப எண்ணுகிறாய். கணவன் என்பதை ஒதுக்கிவைத்து, ஆலோசனை கேட்டு வந்தவரிடம் சொல்வதுபோல் சொல்கிறேன். பதவி உயர்வு அங்கே பாடவாரியான பணிமூப்பின்படியே. கணிதத்தில் உனக்கு முன்னால் இருப்பவர் ஓசூரின் கணிதத் துறைத்தலைவர் வள்ளி டீச்சர் ஒருவரே; அவரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். பாடம் மாறினால், நேற்றுச் சேர்ந்தவருக்கும் பின்னால் நிற்பாய். பிறகு கணிதத்துக்கே திரும்பினாலும் அங்கும் நீ கடைசிதான்.

நேற்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால், கீழ்பென்னாத்தூர்க் கட்சிக்காரர் வந்த பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் நடந்து வந்து சேர்வதற்குள் வழக்கு வாய்தாவுக்குப் போய்விட்டது.

முடிவு உன்னுடையது.

அன்புடன்,
அன்பரசன்


ஓசூர்,
19.02.2025

மதிப்பிற்குரிய வக்கீல் ஐயாவுக்கு, உங்கள் வினோதினி எழுதுவது.

கடிதத்தில் தீர்ப்பு இருந்தது, ஆளைக் காணவில்லை.

வரிசை எனக்கும் தெரியும். இங்கே தமிழ்செல்வி அக்கா கணக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியவர். அவரிடம் படித்த பெண் இன்று துணைத் தலைமையாசிரியர். அவளிடம்தான் இவர் விடுப்புக் கேட்டு நிற்கிறார். "மாறும்போது எல்லாரும் கை குடுத்தாங்க வினோ. லிஸ்ட்டு போடும்போதுதான் ஒருத்தருக்கும் என் பேரு ஞாபகம் வரல" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் கம்மி.

ஆனாலும் வரத்தான் பார்க்கிறேன். மூன்று வருடமாகச் சனிக்கிழமை செங்கம் வழி பஸ்ஸில் வந்து, ஞாயிறு உங்கள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டுத் திரும்புகிறேன். நமக்கு இருப்பது வீடா, லாட்ஜா?

நான் கேட்டது விதியை அல்ல. நான் வர வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களா? ஒரு வரி போதும்.

பாடம் மாறச் சம்மதக் கடிதம் மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். நீங்களே எழுதித் தாருங்கள். உங்களைப் போல எனக்கு எழுத வராது.

உங்கள்
வினோ


வேங்கிக்கால்,
23.02.2025

அன்புள்ள வினோதினி,

இவ்வாரம் நீ வர இயலாததால் வரைவை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன்: ‘கணிதத்தில் எனது பணிமூப்பும் அதன்வழிப் பதவி உயர்வும் பாதிக்கப்படா என்னும் நிபந்தனைக்குட்பட்டு இச்சம்மதத்தை அளிக்கிறேன்.’ உரிமையைக் காக்கும் வாக்கியம் இல்லாமல் எந்தச் சம்மதத்தையும் நான் எழுதியதில்லை.

நீ கேட்ட ஒரு வரியை இப்போது எழுதினால், உன் முடிவை நான் வளைத்ததாகிவிடும். பின்னாளில் வரிசைக் கடைசியில் நின்று நீ என்னைப் பார்த்தால், அப்பார்வைக்கு என்னிடம் எதிர்வாதம் இராது. நேரில் பேசுவோம்.

எதிர்வீட்டுக் காசியம்மாள் அக்கா நேற்று மறித்தார். "இன்னா வக்கீலய்யா, ஊரு கேஸெல்லாம் முடிக்கிறீங்க, உங்க வூட்டம்மா கேஸு மட்டும் வாய்தாவுலயே கீது?" என்றார். சிரித்தபடி வந்துவிட்டேன். பிறகு சோறு இறங்கவில்லை.

அன்புடன்,
அன்பரசன்


ஓசூர்,
17.03.2025

அன்புள்ள உங்களுக்கு,

சம்மதக் கடிதம் திரும்பி வந்துவிட்டது. தாளாளர் கூப்பிட்டு, "சம்மதம்னா சம்மதம் டீச்சர். இது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இல்ல இருக்கு?" என்றார். இடம் சுரேஷ்குமார் என்பவருக்குப் போய்விட்டது. அவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாராம்.

உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு வேறு தாளில் எழுத எனக்கும் கை இருந்தது. ‘அதை எடுத்துவிட்டு வா’ என்று நீங்களே சொல்வீர்கள் என, கடைசி நாள் மாலை வரை கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன்.

ஜூனில் வள்ளி டீச்சரின் இடத்துக்கு நான். இந்தச் சம்மதத்தை நிபந்தனை இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய வீடாகவும் பார்த்தாயிற்று. இனிச் சனிக்கிழமை பஸ் ஏற மாட்டேன்.

ஓசூரிலும் நீதிமன்றம் இருக்கிறது. இங்கே நீங்கள்தான் வரிசையில் கடைசி. எனக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

முடிவு உங்களுடையது.

வினோதினி


வேங்கிக்கால்,
27.03.2025

அன்புள்ள வினோ,

வர இயலாத காரணங்களை எண்ணிட்டு எழுதத் தொடங்கினேன், நான்காவதில் நிறுத்திவிட்டேன். இங்கே நீதிமன்றத்தில் என்னை அறியாத அமீனா இல்லை. அங்கே என் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அச்சமாகவே இருக்கிறது.

கீழ்பென்னாத்தூர் வழக்குக் கட்டினை இன்று வக்கீல் நண்பர் இராமலிங்கத்திடம் ஒப்படைத்தேன். "இன்னா சார், வக்கீலுக்கு ஏது டிரான்ஸ்பரு?" என்று கேட்டார். வீட்டில் கேட்டிருக்கிறார்கள் என்றேன்.

ஒரு விவரம் தேவை. சட்டப் புத்தக அலமாரியைக் கழற்ற இயலாது. புது வீட்டு வாசற்கதவின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து எழுது.

இது நிபந்தனை அன்று. கதவு போதாவிட்டால் அலமாரி காசியம்மாள் அக்காவுக்கு. பாத்திரம் அடுக்க ஏற்கெனவே கேட்டிருக்கிறார்.

அன்பரசன்